ஜெர்சி மாட்டு ஊரில் ஒரு மேடு

அக்கா நர்ஸாக இருக்கும் தீவுக்கு ஒரு மாசம் போய் வந்தேன். ஜெர்சி, இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே கடலில் இருக்கிறது. பேரைச் சொன்னதுமே அம்மா, "நம்ம மாட்டு ஊராடா?" என்றாள். அதேதான். பாபநாசம் பக்கம் எங்கள் கொட்டகையில் கட்டிக் கிடப்பதற்குப் பூர்வீகம் அந்தத் தீவு.

ஆனால் எனக்கு மனதில் நின்றது மாடு இல்லை, ஒரு மேடு. லா ஹூக் பி என்று பேர். 12 மீட்டர் உயரம். ஆறடி உயர்ந்திருந்தாலே திடல் என்று பேர் வைத்துவிடுகிற டெல்டாக்காரன் நான், அண்ணாந்துதான் பார்த்தேன். ஏறக்குறைய 6,000 வருடத்துக்கு முன் பெரிய கற்களால் அறை கட்டி, மேலே மண்ணும் கல்லும் கொட்டி மூடிய கல்லறை. உள்ளே போகிற வழி தாழ்வு. கும்பிடுகிற மாதிரி குனிந்தே போனேன், அப்படியும் மண்டை ஒருதரம் இடித்தது. பகலும் இரவும் சமமாக வரும் நாட்களில் காலை வெயில் நேராகக் கடைசி அறை வரை போகுமாம். நான் போன அன்றைக்கு மழை.

மேற்குச் சரிவில் கான்கிரீட். 1940 முதல் 1945 வரை தீவு ஜெர்மன் ராணுவத்தின் பிடியில் இருந்தது. 1942-இல் சரிவைக் குடைந்து பங்கர் கட்டியிருக்கிறார்கள், மற்ற இடங்களில் சிப்பாய்கள் பதுங்க வெட்டிய நீள அகழிகள் வேறு. கோபத்தோடுதான் பங்கருக்குள் இறங்கினேன். உள்ளே இருப்பது, தீவில் கான்கிரீட் கொட்டுவதற்காகப் பல நாடுகளிலிருந்து இழுத்து வரப்பட்ட கட்டாயத் தொழிலாளிகளுக்கான நினைவிடம். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேலே ஏறி வந்துவிட்டேன்.

எங்கள் ஊர்த் திடலுக்குப் போரெல்லாம் தேவைப்படவில்லை. ரோட்டுக்கு மண் வேண்டும் என்று ஜேசிபி வந்தது, இரண்டே நாள். அள்ளிய மண்ணில் ஓடுகள் கிடந்தன: உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு, விரலுக்கு வழவழவென்று. பழங்காலத்துப் பானை அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வேடிக்கைதான் பார்த்தேன். ஒரு சில்லு மட்டும் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் போட்டோவைக் காட்டினேன்.

"உள்ள எத்தன பேரு இருந்தாங்க?"

"நூறு வருஷம் முன்னாடி தோண்டினப்ப எட்டுப் பேரோட எலும்பாவது இருந்துச்சாம்."

போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி அடியிலிருந்து உச்சி வரை பார்த்தாள். கோடையில் வாய்க்கால் வெட்டி மண் சுமந்தவள்.

"எட்டுப் பேருக்கா இத்தன கூடை?"