கண்டாலிக் கீரை

உத்தராகண்ட் மலைப்பகுதியான கட்வாலில், பௌரி என்ற ஊரில் குடிவந்த முதல் வாரம் துணி உலர்த்தப் போனபோது, கொல்லைச் சுவரோரம் நின்ற ஒரு செடியில் புறங்கை உரசிவிட்டது. சுரீரென்றது. கொஞ்ச நேரத்தில் வெள்ளை வெள்ளையாகத் தடிப்பு. எங்கள் ஊர்ச் செந்தட்டி என்றுதான் நினைத்தேன். அது வேறு குடும்பம். இதை இங்கே கண்டாலி என்கிறார்கள்.

மறுநாள் பக்கத்து வீட்டு மாஜி இடுக்கியோடு வந்து, அதே செடியின் கொழுந்துகளைக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு போனார். மதியம் ஒரு கிண்ணம் கீரை வந்தது. நான் தயங்கியதும், முதல் வாயை அவரே சாப்பிட்டுக் காட்டினார்.

அந்தச் செடியின் சுணை ஒவ்வொன்றும் ஒரு சிரிஞ்சு மாதிரி. நுனி சிலிக்கா, கண்ணாடிபோல முறியும். முறிந்ததும் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின், செரட்டோனின் என்று எரிச்சலூட்டும் ரசாயனங்கள் எல்லாம் தோலுக்குள் இறங்கிவிடும். கொதிநீரில் வெந்தால் சுணை துவண்டுவிடும், அப்புறம் அது வெறும் கீரைதான்.

வேகவைத்து மசித்து, அரிசிமாவு கரைத்துவிட்டு, கடுகெண்ணெயில் ஜக்கியா தாளிப்பார்கள். ஜக்கியா வேறொன்றுமில்லை, நாம் களை என்று பிடுங்கி எறியும் நாய்க்கடுகின் விதை! தொட்டுக்கொள்ளக் கேழ்வரகு ரொட்டி.

ரத்தம் ஊறும் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். ஆனால் 100 கிராம் வெந்த கீரையில் இரும்புச்சத்து சுமார் 1.6 மில்லிகிராம்தான். கால்சியம்தான் அசரவைக்கிறது: 480 மில்லிகிராம், அதே அளவு பாலில் இருப்பதைப்போல நான்கு மடங்கு. குவர்செட்டின், ரூட்டின் போன்ற ஃபிளேவனாய்டுகள் என்னும் தாவரச் சத்துகளும் உண்டு. வேரின் சாற்றை ஜெர்மனியில் புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் கழிக்கச் சிரமப்படும் ஆண்களுக்குக் கொடுக்கிறார்கள். சிரமம் குறையும், வீக்கம் குறையாது.

வைட்டமின் கே-யும் இதில் ஏராளம், 100 கிராமில் கிட்டத்தட்ட 500 மைக்ரோகிராம். ஒரு நாள் தேவையைவிடப் பல மடங்கு. என் மாமியாருக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் உறைய உதவுவதே வைட்டமின் கே. திடீரென்று இவ்வளவு போனால் அந்த மாத்திரையின் வேலை குறைந்துவிடும். போன மார்ச்சில் வந்திருந்தபோது, “எனக்கு மட்டும் ஏம்மா இல்ல?” என்று கேட்டார். மனசு கேட்கவில்லை, ஆனாலும் கொடுக்கவில்லை. ஜக்கியா தாளித்து உருளைக்கிழங்கு வதக்கிக் கொடுத்தேன். நாய்க்கடுகு என்றதும் நம்பவேயில்லை. ஊருக்குப் போகும்போது கால் கிலோ கட்டிக்கொண்டு போனார்.