பத்து வயதும் துப்பாக்கியும்: ஒரு வேட்டைப் பருவத்தின் நாட்குறிப்பு

அக்டோபர் 4

பத்து வயது முடிந்ததும் வேட்டைக்கு அழைத்துப் போகிறேன் என்று சின்னவளுக்கு இவர் எப்போதோ வாக்குக் கொடுத்திருக்கிறார். அவள் மறக்கவில்லை. பிறந்தநாள் முடிந்த மறுநாளே, “அப்பா, பருவம் எப்போது தொடங்கும்?” என்று கேட்டுவிட்டாள். வயதைச் சொல்லி வாக்குக் கொடுத்தால் இதுதான் வில்லங்கம்: வயது தானாக வந்துவிடும், பக்குவம் வந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. பெரியவனுக்குப் பதின்மூன்று. அவன் இதுவரை கேட்டதே இல்லை.

அக்டோபர் 7

மற்ற நாடுகள் என்ன சொல்கின்றன என்று படித்துப் பார்த்தேன். நார்வேயில் சிறு விலங்கு வேட்டைக்கு 16, பெரிய விலங்குக்கு 18. பெரியவர் ஒருவர் உடனிருந்து கற்றுக்கொடுக்கும் பயிற்சி வேட்டை என்றால் முறையே 14, 16. ஜெர்மனியில் இளையோர் உரிமம் பெறவே 16 ஆக வேண்டும். 18 வரை துணையில்லாமல் போகக் கூடாது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலமோ 2017-இல், பெரியவர் உடனிருந்தால் போதும் என்று வயது வரம்பையே எடுத்துவிட்டது. அந்தப் பருவத்திலேயே ஒரு வயது நிரம்பாத குழந்தைகளின் பெயரிலும் உரிமம் வாங்கப்பட்டதாகச் செய்தி வந்தது. தொட்டிலில் கிடக்கும் வேட்டைக்காரர்கள்! இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கே இடமில்லை என்பதால் அங்கே இந்தக் கேள்வி எழுவதில்லை.

எங்களுக்கு எழுகிறது. சின்னவளைப் பார்த்தறியாத சட்டப் புத்தகங்களில் அதற்கு விடை கிடைக்கப்போவதில்லை.

அக்டோபர் 11

இன்று உடம்பை மட்டும் பார்த்தோம். இவருடைய துப்பாக்கியை, தோட்டா இல்லை என்று இருவரும் தனித்தனியே உறுதி செய்துகொண்ட பிறகு, அவள் தோளில் வைத்துப் பார்த்தோம். தோளில் பொருத்தும் பின்கட்டை அவளுக்கு நீளம். விசையை எட்டுவதற்காக முதுகைப் பின்னால் வளைக்கிறாள். வளைத்தால் குழல் ஆடுகிறது. இந்த நிலையில் பெரிய தோட்டாவைச் சுட வைத்தால் பின்னுதைப்பு தோளைத் தாக்கும். அடுத்த முறை விசையை அழுத்துவதற்கு முன்பே கண் மூடிக்கொள்ளும். ஒருமுறை படிந்த அந்தப் பயத்தைப் போக்க வருடக்கணக்காகும் என்று இவரே சொல்கிறார். எனவே குட்டைக் கட்டை பொருத்திய, சிறிய தோட்டா சுடும் .22 துப்பாக்கி, காகித இலக்கு, காதுக் கவசம். வெடிச்சத்தம் 140 டெசிபலைத் தாண்டக்கூடியது. ஒரே ஒரு சத்தம்கூடக் காதைக் கெடுக்கலாம்.

இன்னொன்றும் தெரிந்தது. இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டு, தூரத்து மரத்தைப் பார்க்கச் சொன்னேன். வலக்கண்ணை மூடினாலும் மரம் அப்படியே தெரிகிறதாம். இடக்கண்ணை மூடினால் மறைந்துவிடுகிறதாம். வலக்கைக்காரிக்கு இடக்கண் ஆதிக்கம், அதாவது குறிபார்ப்பதில் முந்துவது இடக்கண். இடத்தோளில் வைத்தே பழக வேண்டும் போலிருக்கிறது.

அக்டோபர் 19

விதிகளை மனப்பாடமாக ஒப்பிக்கிறாள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே நினை. சுடக் கூடாத எதன் மீதும் குழலைத் திருப்பாதே. சுட முடிவெடுக்கும் வரை விசையில் விரல் வைக்காதே. குறியையும் அதன் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள். ஒப்பிப்பதில் அவளுக்கு நூற்றுக்கு நூறு.

பிறகு துப்பாக்கி நீளத்திற்கு ஒரு கம்பைக் கையில் கொடுத்து, மூவருமாகக் காட்டோரம் நடந்தோம். வேலியைத் தாண்டும் இடத்தில் தானாகவே நின்று, தோட்டாவை எடுப்பதுபோல் பாவனை செய்து, கம்பைத் தரையில் வைத்துவிட்டுத் தாண்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த வளைவில் ஒரு முயல் பாய்ந்தது. கம்பு முயலோடு சேர்ந்து திரும்பியது, நடுவில் நின்ற அண்ணனின் வயிற்றையும் கடந்து.

அவன்தான் சொன்னான்: “இப்போது நான் செத்திருப்பேன்.” அவள் சிரிக்கவில்லை, அழவுமில்லை. ஆனால் குழல் எங்கே போனது என்பது அவளுக்கு நினைவே இல்லை. முயல் மட்டும்தான் நினைவிருந்தது. விதி தெரியாத பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கலாம். முயலைக் கண்டதும் விதி மறந்துபோகும் பிள்ளைக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

அக்டோபர் 23

ஈயத் தோட்டா சிதறும் துகள்கள் இறைச்சியில் தங்கிவிடும், பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் கேடு. இந்தப் பருவம் முதல் எங்கள் வீட்டில் செம்புத் தோட்டாதான். விலையைப் பார்த்து இவர் முகம் சுளித்தார்.

நவம்பர் 8

இவர் மான் ஒன்றைச் சுட்டார். பிள்ளைகள் இருவரும் என்னோடு பின்னால் இருந்தார்கள், வெறுங்கையோடு. மான் ஓடிவிட்டது. உடனே துரத்தினால் அடிபட்ட மான் இன்னும் தொலைவுக்கு ஓடும் என்பதால் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். இந்த அரை மணி நேரத்தை எந்தத் தேர்விலும் வைப்பதில்லை. பெரியவன் காலணிக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். சின்னவள் மட்டும், “அதற்கு இப்போது வலிக்குமா?” என்று கேட்டாள். வலிக்கும் என்றேன்.

இலையில் நுரைத்த வெளிர்சிவப்பு இரத்தம் கிடந்தது. நுரையீரலில் பட்டிருக்கிறது, அதிக தூரம் போயிருக்காது. கறுத்த இரத்தமும் குடல் நாற்றமுமாக இருந்திருந்தால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். மானைக் கண்டதும் சின்னவள் அழுதாள். கிழித்துக் குடலை எடுக்கும்போதும் அழுதுகொண்டே டார்ச்சைப் பிடித்தாள், வெளிச்சம் ஆடவில்லை. பெரியவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தனக்கு இது வேண்டாம் என்றான். அவன் விஷயம் அத்தோடு முடிந்தது, வற்புறுத்தமாட்டோம்.

அழுததைக் காட்டி இவர் தயங்கினார். எனக்குத் தயக்கமெல்லாம் அந்த முயலில்தான்.

நவம்பர் 9

இரவு நீண்ட வாக்குவாதம். “எட்டு வயதில் நான் சுட்டேன், எனக்கு என்ன ஆகிவிட்டது?” என்றார். எதுவும் ஆகாதவர்கள்தான் இப்படிச் சொல்ல மிஞ்சியிருப்பார்கள் என்றேன். கோபித்துக்கொண்டார், பிறகு ஒத்துக்கொண்டார். முடிவு: இந்தப் பருவம் அவளுக்குத் துப்பாக்கி இல்லை. ஆனால் அவள் “வேண்டாம்” என்றால் நாங்கள் சுடக் கூடாது. காரணத்தை மட்டும் அவள் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு அவள் கைக்குத் துப்பாக்கி வந்தால், பக்கத்தில் இருக்கும் பெரியவர் கையில் வேறு துப்பாக்கி இருக்கக் கூடாது. அவளைக் கவனிப்பதே முழு வேலை.

நவம்பர் 15

பெரிய கொம்புள்ள ஆண் மான், பக்கவாட்டில், அசையாமல் நின்றது. இவர் மூச்சைப் பிடித்துவிட்டார். சின்னவள் அவர் முழங்கையைத் தொட்டு, “வேண்டாம் அப்பா” என்றாள். அதன் பின்னால், புதருக்குள், பெண் மான் ஒன்று பாதி மறைந்து நின்றிருந்தது. தோட்டா துளைத்துக்கொண்டு போனால் அதன் மீதும் படும். நான் அதைப் பார்க்கவேயில்லை. இவரும்தான்.

இரண்டும் நகர்ந்து போய்விட்டன. வீடு வந்து வெகுநேரமாகியும் அந்தக் கொம்பில் எத்தனை கிளை என்று இவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒன்று கூடுகிறது.