5ஜி டவர் பக்கத்தில் சி-பேண்ட் டிஷ்: ஃபில்டரை எங்கே போடுவது?

பக்கத்து மாடியில் 5ஜி ஆன்டெனா ஏறிய பிறகு, கேபிள் கன்ட்ரோல் ரூமில் எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் கட்டம் கட்டமாக உடைகிறதா? டிஷ்ஷைத் திருப்பாதீர்கள். முதலில், டிஷ் பிடிக்கும் சிக்னலைப் பெருக்கி கேபிளில் அனுப்பும் எல்என்பியைச் சந்தேகப்படுங்கள்.

2022 ஏலத்தில் 5ஜிக்கு ஒதுக்கிய சி-பேண்ட் பகுதி 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸுக்குள் வருகிறது. சாட்டிலைட் சேனல்கள் பெரும்பாலும் 3700-க்கு மேல், 4200 வரை இறங்குகின்றன. நடுவே 30 மெகாஹெர்ட்ஸ் காலி. பட்டியலில் பார்த்தால் மோதலே இல்லை. ஆனால் பழைய எல்என்பி 3400-லிருந்தே எல்லாவற்றையும் வாங்கிப் பெருக்குகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 அடி டிஷ்ஷில் ஒரு டிரான்ஸ்பாண்டர் (சாட்டிலைட்டின் ஒரு ஒலிபரப்புக் கருவி) சிக்னல் எல்என்பிக்கு வந்து சேரும்போது சுமார் மைனஸ் 86 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு; மைனஸ் எண் பெரிதானால் சிக்னல் பலவீனம்). 75 டிபிஎம் 5ஜி பீம் ஒன்று 200 மீட்டரிலிருந்து நேராக அடித்தால், டிஷ்ஷின் பக்கவாட்டு வழியாகவே மைனஸ் 24 வரை நுழையும். எல்என்பியோ மைனஸ் 60-ஐ ஒட்டியே திணற ஆரம்பித்துவிடும். 1 கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் குறைவது 14 டெசிபல்தான். அதனால்தான் 4150-இல் இருக்கும் சேனலும் சேர்ந்து உடைகிறது. எல்என்பிக்குப் பிறகு கேபிளில் ஃபில்டர் போட்டுப் பயனில்லை. அதற்குள் சிக்னல் கெட்டுப்போயிருக்கும்.

உறுதிசெய்ய, எல்என்பி அவுட்புட்டை ஸ்பெக்ட்ரம் அனலைசரில் மேக்ஸ்-ஹோல்டில் (வந்த உச்ச அளவை அழிக்காமல் பிடித்துவைக்கும் முறை) வையுங்கள். எல்என்பிக்குள் அலைவரிசையை மாற்றும் ஆஸிலேட்டர் 5150 என்பதால் அலைவரிசை தலைகீழாக விழும்: சேனல்கள் 950–1450-இல், 5ஜி 1480-க்கு மேல். 5ஜி விட்டுவிட்டு ஒலிபரப்புவதால் சாதாரண ஸ்வீப்பில் தப்பிவிடலாம். மலிவு மீட்டரை நம்ப வேண்டாம். லெவல் நன்றாகக் காட்டும், எம்ஈஆர் (சிக்னலின் தரம்) மட்டும் விழுந்திருக்கும்.

ஃபீட்ஹார்னும் (டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கும் குழல்) எல்என்பியும் தனித்தனியாக இருந்தால் நடுவில், 3700–4200-ஐ மட்டும் விடும் வேவ்கைடு (உலோகக் குழாய் வகை) ஃபில்டர் ஏறும். 5ஜி பகுதியில் 45 டெசிபலுக்குக் குறையாமல் வெட்டுவதாக வாங்குங்கள். இரண்டு ஃபிளாஞ்சிலும் (இணைப்பு விளிம்பு) கேஸ்கெட் வேண்டும். இல்லையென்றால் முதல் மழையிலேயே தண்ணீர் இறங்கும். ஃபீடும் எல்என்பியும் ஒரே உடலாக வரும் வகையில் ஃபில்டர் செருக இடமே இல்லை. 5ஜி ஃபில்டர் உள்ளடங்கிய புதிய எல்என்பிதான் வழி. மாற்றும் முன் 3700-க்குக் கீழே ஏதாவது சேனல் எடுக்கிறீர்களா என்று பாருங்கள்; அது போய்விடும்.

ஃபில்டருக்கும் ஒரு விலை உண்டு. அரை டெசிபல் இழப்பு சிறியதாகத் தெரியும், ஆனால் கூடவே இரைச்சலும் ஏறுவதால் சி/என் (இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு மேலே என்ற அளவு) கிட்டத்தட்ட 2 டெசிபல் இறங்கும். 6 அடி டிஷ்ஷில் அந்த மார்ஜின் இருக்காது. மாட்டிய பிறகு அஸிமத் (பக்கவாட்டுத் திசை), எலிவேஷன் (மேல்நோக்கிய சாய்வு), போலரைசேஷன் (எல்என்பியின் சுழற்சிக் கோணம்) மூன்றையும் சிக்னல் உச்சம் வரும்படி மறுபடி சரிசெய்யுங்கள்.

அதன் பிறகும் உடைந்தால், பெரும்பாலும் 5ஜி ரேடியோவின் கசிவு 3700-க்கு மேலேயே விழுகிறது என்று பொருள். எந்த ஃபில்டரும் அதைப் பிடிக்காது. டிஷ்ஷைத் தரைக்கு இறக்கிக் கட்டடத்தை மறைவாக வையுங்கள், அல்லது டவர் பக்கம் 8 மில்லிமீட்டருக்குக் குறைந்த துளையுள்ள உலோக வலை கட்டுங்கள். மேக்ஸ்-ஹோல்ட் படத்தை நேரத்தோடு சேமித்து, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் மானிட்டரிங் ஆர்கனைசேஷனுக்குப் புகார் கொடுங்கள்.