குரங்கு துப்பிய வியாழக்கிழமை

ரிட்டயர் ஆன மறுநாளே ஊட்டி மலை ரயிலில் போவது என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போனது என்னவோ மூன்றாவது வருஷம்தான். முதல் வருஷம் முட்டிவலி. இரண்டாவது வருஷம் டிக்கெட் கிடைக்கவில்லை.

நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் போய் இறங்கி, காலை 7.10 மலை ரயிலில் ஏறினோம். கடைசிப் பெட்டி. "நல்லதாப் போச்சு, எஞ்சின் அந்தக் கோடியில இருக்கும், நமக்குப் புகை வராது" என்றேன். சின்ன வயதில் ஒருமுறை போயிருக்கிற தெம்பு. சொல்லி வாய் மூடவில்லை, நீராவி எஞ்சின் பின்னால் வந்து எங்கள் பெட்டியில் 'டங்'கென்று முட்டி நின்றது. குன்னூர் வரை அது பின்னாலிருந்துதான் தள்ளுமாம். கல்லாறு தாண்டினால் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம். தண்டவாளத்துக்கு நடுவே இருக்கும் பல்வரிசையைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. என் வெள்ளைச் சட்டையை மட்டும் ஒருமுறை பார்த்தாள்.

எஞ்சின் தண்ணீர் பிடிக்க ஹில்குரோ ஸ்டேஷனில் நின்றது. குரங்குகள் ஜாஸ்தி என்று தெரியும். அதனால் இட்லிப் பொட்டலத்தை மடியில் இறுக்கிக் காவல் காத்தேன். காவல் இல்லாமல் ஜன்னலோரம் இருந்தது என் மாத்திரை டப்பா. ஏழு கிழமைக்கு ஏழு அறை, சுகரும் பிரஷருமாக மகள் நிரப்பிக் கொடுத்தது. ஒரு கை வந்தது, டப்பா போனது.

எதிர்ச் சுவரில் உட்கார்ந்து நிதானமாகத் திறந்தது. எனக்கு நகம் பெயர்ந்துவிடும் மூடி அது. குரங்குக்கு ஒரு விரல்தான். வியாழன் அறையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கடித்து, மூஞ்சியைச் சுளித்துத் துப்பியது.

"ஏங்க, இன்னிக்கு வியாழன்தானே? உங்களவிட அது ஒழுங்கா கிழமை பாத்து எடுக்குது."

துப்பினாலும் டப்பாவை விடவில்லை. அதோடு மரமேறிவிட்டது.

34 வருஷம் அரசு ஆபீஸில் ஸ்டோர் பார்த்தவன் நான். ஒரு ஸ்டேப்ளர் காணோம் என்றால்கூட விளக்கக் கடிதம் கேட்டுப் பலரைப் படுத்தியிருக்கிறேன். இந்த இழப்பை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று குன்னூர் வரை யோசித்துக்கொண்டே வந்தேன். வழியில் எத்தனை குகை, எத்தனை பாலம் என்று என்னைக் கேட்காதீர்கள். அதையெல்லாம் மனைவிதான் பார்த்தாள்.

ஊட்டியில் இறங்கியதும் நேராக மருந்துக்கடை. மகள் வாட்ஸப்பில் அனுப்பிய சீட்டைக் காட்டினேன். ஒரு வாரத்துக்கு மாத்திரை எடுத்து வைத்த கடைக்காரர், "டப்பாவும் வேணுமா சார்?" என்றார்.

"ஆமாம். பழசு... குரங்கு எடுத்துட்டுப் போயிடுச்சு."

பில்லிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "ஹில்குரோவா, ரன்னிமேடா?"