வெள்ளைச் சாமந்திக்கு வெள்ளை வேண்டாம்: ஹையர் பெயிண்டிங்கில் நான் தேறிய விதம்

ஹையர், அதாவது மேல்நிலை, ஓவியத் தேர்வின் ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது. பாஸ். போன தடவை மற்ற தாளெல்லாம் தேறி, பெயிண்டிங் மட்டும், அதாவது எதிரே வைத்த பூவையும் பாத்திரத்தையும் பார்த்து வண்ணத்தில் வரைகிற தாள் மட்டும், நின்றுபோனது. அதனால் இந்தத் தடவை நம்பரைப் போட்டுவிட்டு, பார்க்கத் தைரியம் இல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன். என் மகள்தான் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

தாள் எப்படி இருக்கும், என்ன எடுத்துப் போக வேண்டும் என்பதெல்லாம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது பூவைப் பற்றி. அதிலும் வெள்ளைப் பூவைப் பற்றி.

முதல் தடவை எங்கள் அறையில் கண்ணாடி டம்ளரில் மூன்று வெள்ளைச் சாமந்தி, ஒரு செம்பருத்தி, பக்கத்தில் பித்தளைச் சொம்பு. நான் பின்னணி முழுக்க நீலச் சாம்பலை வாட்டர் கலரில் ஓட்டிவிட்டு, அதன்மேல் போஸ்டர் வெள்ளையால் இதழ் இதழாக வைத்தேன். வைக்கும்போது பளிச்சென்று இருந்தது. காயக் காய அடியிலிருந்த நீலம் கரைந்து மேலே ஏறிவிட்டது. சுண்ணாம்பில் நீலம் அதிகமாய்ப் போன சுவர் போல ஆனது பூ. மறுபடி பூசினேன், இன்னும் கெட்டியாக. பேப்பர் நார் நாராக எழும்பியது. சொம்புக்குப் பத்து நிமிஷம்தான் மிச்சம்.

அந்த வருஷம் நான் பணம் கட்டிப் போன வகுப்பில் அச்சடித்த படத்தைப் பார்த்துத்தான் பூ போட்டோம். ஒரு நிஜப் பூகூட மேஜைக்கு வரவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாம் தடவை வகுப்பே வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்தேன். வாரம் இரண்டு நாள் விடியற்காலை வேலூர் நேதாஜி மார்க்கெட். நமக்கு வேண்டியது முழம் பூவும் இல்லை, கால் கிலோ உதிரிப்பூவும் இல்லை. காம்போடு நாலு பூ. அங்கே ஒரு அக்கா, "இன்னாம்மா, தலையில வெக்கவும் இல்ல, சாமிக்கும் இல்ல, காம்போட இன்னாத்துக்கு?" என்றார். சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து அவரே நாலைந்து தனியாக எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருப்பார். நீங்களும் ஒரு கடையில் பழகிக்கொள்ளுங்கள். நிஜப் பூவை ஐம்பது தடவையாவது உட்கார்ந்து பார்க்காமல் இந்தத் தாளுக்குப் போகாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வெள்ளைப் பூவை வரையாதீர்கள். அதற்குப் பின்னால் இருக்கும் இருட்டை வரையுங்கள். இதழ் ஓரம் வரை கரும்பச்சையைக் கொண்டுபோய் நிறுத்தினால் பேப்பரின் வெள்ளையே இதழாக நிற்கும். உள்ளே தொட வேண்டியது நிழலை மட்டும். அல்ட்ராமரின் நீலத்தில் துளி பர்ண்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு கலந்தால் நல்ல சாம்பல் வரும். இலைக்குப் பக்கத்து இதழில் இலையின் பச்சை லேசாக விழுந்திருக்கும். பித்தளைப் பக்கத்து இதழில் மஞ்சள். உற்றுப் பார்த்தால், அந்தப் பூவில் சுத்த வெள்ளை கொஞ்சம்தான். வெயில் காலத்தில் பூ நிற்காது என்றால் வெள்ளைக் காகிதத்தைக் கசக்கி டம்ளரில் செருகி வைத்து இதையே பழகலாம். நான் மே மாதம் முழுக்க அதைத்தான் செய்தேன்.

எந்தக் கலர் என்று கேட்பவர்களுக்கு, நான் போட்டுப் பார்த்தவை:

- வாட்டர் கலர்: காய்ந்தால் வெளிறும். ஈரத்தில் வண்ணம் கொஞ்சம் அழுத்தமாகவே இருக்கட்டும். நான் தேர்வில் செய்தது இதில்தான்.
- போஸ்டர் கலர்: அடியை மறைக்கும், ஆனால் அடி வண்ணத்தைக் கரைக்கவும் செய்யும். வைத்தால் ஒரே தடவை, கெட்டியாக, தேய்க்கக் கூடாது.
- அக்ரிலிக்: காய்ந்தபின் கரையாது, அதனால் மேலே மேலே போடலாம். காய்ந்தால் சற்று இருளும். வேலூர் வெயிலில் தட்டிலேயே காய்ந்துவிடும். டிபன் பாக்ஸில் ஈரத்துணி விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு அதில் கலர் வையுங்கள்.
- ஆயில்: நீர் வற்றிக் காய்வது இல்லை, ஆளி விதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகுவது. நாள் கணக்கில் ஆகும். ஆசைக்கு வீட்டில் செய்யுங்கள். கொசப்பேட்டை மண்சட்டியில் அரளி வைத்து நான் ஒன்று செய்தேன். அந்த அழகு வேறு எதிலும் வரவில்லை.

கனகாம்பரத்துக்கு ட்யூப் ஆரஞ்சு வேண்டாம். முதலில் மஞ்சள் ஓட்டி, நன்றாகக் காயவிட்டு, மேலே ஸ்கார்லெட் மெல்லிசாக. சங்குப்பூவுக்கு அல்ட்ராமரினோடு கொஞ்சம் கிரிம்சன். வெர்மிலியன் சேர்த்தால் அழுக்கு ஊதாதான் வரும். சேப் கிரீனை ட்யூபிலிருந்து அப்படியே வைத்தால் இலை பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், துளி சிவப்பு வேண்டும். கறுப்பு ட்யூபை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

எந்தப் பூ முதலில்? செம்பருத்தி இருந்தால் அதுதான். அது ஒரு நாள் பூ. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறும். சாமந்தி காத்திருக்கும். ஹாலந்து நாட்டுப் பூ ஓவியர் யான் வான் ஹேய்சம் 1742-ல் எழுதிய கடிதத்தில், மஞ்சள் ரோஜா கிடைக்காததால் ஒரு படத்தை முடிக்க முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு அடுத்த பருவம் இருந்தது. நமக்கு மணி அடித்துவிடும்.

நான் மெதுவாகச் செய்கிறவள். அதனால் கடிகாரம் வைத்துப் பழகவே இல்லை, கடைசி இரண்டு வாரம் தவிர. வேகமாகக் கை ஓடுகிறவர்களுக்கு இது சரிப்படுமா, சொல்லத் தெரியவில்லை. ஆனால் தேர்வு அன்று முதல் இருபது நிமிஷம் பிரஷ்ஷைத் தொடாமல் பென்சிலோடு பூவைப் பார்த்தது எனக்கு நல்லதாக அமைந்தது. இந்தத் தடவையும் இரண்டு வெள்ளைச் சாமந்தி வைத்திருந்தார்கள். பார்த்ததும் வயிறு கலங்கியது. பின்னாலிருந்த கரும்பச்சையை முதலில் வைத்தேன். இதழ் தானாக வெளியே வந்தது. கடைசி அரைமணி நேரம் முழுக்கச் சொம்புக்குக் கிடைத்தது.

நேற்று மார்க்கெட்டுக்குப் போய் அந்த அக்காவிடம் பாஸ் என்று சொன்னேன். ஒரு முழம் கனகாம்பரம் நறுக்கி, "இத வரையாத, வெச்சுக்கோ" என்றார்.