தம்பி போனில் ஊரார் ஆதார்

கொடைக்கானல் ஏரிப் பக்கம் நான் வேலை பார்க்கும் காட்டேஜில் நேற்று ஒரு கூத்து. ரிசப்ஷன் தம்பியின் போன் மழையில் நனைந்து செத்துப்போக, லாக் நம்பரையும் சொல்லி மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். சீசன் முழுக்கத் தங்கியவர்களின் ஆதார் படங்கள் அதில்தான், வாட்ஸ்அப்பில் வந்ததெல்லாம் தானாக கேலரிக்குப் போய், அங்கிருந்து அவன் சொந்த கூகுள் கணக்கில் பேக்கப்பும் ஆகியிருக்கிறது (அக்கா மகன் கேம் விளையாடுவதும் அதே போனில்தான்). அவனைத் திட்ட மனசு வரவில்லை, ஆபீஸ் போன் கேட்டபோது "உன் போன்தான் இருக்கே" என்றது முதலாளி. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி வரை போகலாம் என்றேன், சிரித்தார். சரி, இனி கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரையாவது கேட்டு வாங்கு என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். போன் இன்னும் கடையில்தான்.