களிம்பா, ஊசியா?

பதினோரு வருடமாக எனக்குச் சொரியாசிஸ், தோல் சிவந்து செதில் உதிரும் நோய். முழங்கையில் மட்டும் இருந்தவரை களிம்பே போதும். குளோபெட்டசால் தடவினால் பத்தே நாளில் சிவப்பு அடங்கும். ஆனால் அது வீரியமான ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து போகும். அதனால் இடையிடையே ஸ்டீராய்டு இல்லாத கால்சிபோட்ரியால் களிம்பு. அது மெதுவாகத்தான் கேட்கும். ராத்திரி தடவிப் படுத்தால் காலையில் பாய் முழுக்க வெள்ளைச் செதில். அம்மா ஒன்றும் சொல்லாமல் உதறிப் போடுவாள்.

இந்த வருடம் முதுகு, கால் என்று பரவிவிட்டது. முதுகுக்குக் கை எட்டுமா? நாகர்கோவிலில் டாக்டர் இரண்டு ஊசிகளைச் சொன்னார். செக்குகினுமாப் முதலில் வாராவாரம் ஐந்து டோஸ், அப்புறம் மாதம் ஒன்று. போடுமுன் டிபி இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். விலையைக் கேட்டுவிட்டு மார்த்தாண்டம் பஸ்ஸில் வாய் திறக்காமல் வந்தேன். இன்னொரு ஊசி மெத்தோட்ரெக்சேட், அது மலிவு. வாரம் ஒருமுறைதான், மறந்தும் தினமும் கூடாது. கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. சரி, இப்போதைக்கு அதுதான்.

அப்புறம், போன ஞாயிறு கல்யாண வீட்டில் என் கையைப் பார்த்து அடுத்த இலைக்கு நகர்ந்த சித்தப்பா, இது ஒட்டாது. உங்க அவியல்தான் வீணாப்போச்சு.